டோங் மக்களின் உடை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்மேற்குச் சீனாவின் டோங் கிராமத்துப் படம் எதைப் பகிர்ந்தாலும் கீழே வரும் முதல் கேள்வி ஒன்றுதான்: "இது என்ன துணி, தோல் மாதிரி மின்னுகிறதே?" அதில் தொடங்கி வெள்ளி, பூவேலை, விலை, துவைப்பது வரை கேள்விகள் நீளும். அடிக்கடி வருபவற்றுக்கு மொத்தமாக ஓரிடத்தில் பதில் இது.

டோங் மக்கள் யார்? எங்கே இருக்கிறார்கள்?

குயிசூ, ஹுனான் மாகாணங்களும் குவாங்சி தன்னாட்சிப் பகுதியும் ஒன்றையொன்று தொடும் மலைநாட்டில் வாழ்கிறார்கள். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 35 லட்சம் பேர். 'டோங்' என்பது சீன மொழியில் வழங்கும் பெயர். அவர்கள் தங்களைக் 'காம்' என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள். பேசும் மொழியும் சீனக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. தாய்லாந்தின் தாய் மொழிக்குத் தூரத்து உறவு. அடுக்கு வயல்கள், ஊர் நடுவே மரத்தாலான முரசுக் கோபுரம், ஆற்றின் மேல் கூரை வேய்ந்த பாலம், வாத்தியமே இல்லாமல் பல குரல்களில் பாடும் சேர்ந்திசை: வெளியுலகம் இவர்களை இந்த நான்கை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. என்னைக் கேட்டால் ஐந்தாவதாகத் துணியையும் சேர்க்க வேண்டும்.

படத்தில் மின்னும் அந்தக் கருநீலத் துணி தோலா, பட்டா, ரெக்சினா?

மூன்றும் இல்லை. பருத்தி. வீட்டுத் தறியில் நெய்த சாதாரணப் பருத்தித் துணிதான்.

கையில் எடுத்தால்தான் ஆச்சரியம் தெரியும். துணி போலத் துவளாது, கெட்டித்தாள் போல விறைத்து நிற்கும். மடித்தால் 'சரக்'கென்று சத்தம் வரும், மடித்த இடத்தில் கோடு விழும். நேராகப் பார்த்தால் கறுப்புக்கு அடுத்த நீலம். கொஞ்சம் சாய்த்து வெளிச்சத்தில் காட்டினால் அதே இடம் ஊதாவாகும், இன்னும் சாய்த்தால் பழைய செப்புக் குடத்தின் சிவப்பு தட்டும். விரலால் நன்றாகத் தேய்த்துப் பார்த்தால் விரல் நீலமாகிவிடும். சீன மொழியில் இதற்கு வழங்கும் பெயருக்கு 'மினுக்குத் துணி' என்றே பொருள்.

அந்த மினுக்கு எப்படி வருகிறது?

அடியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பருத்தி சொந்த நிலத்தில் விளையும்; கொட்டை நீக்கி, நூற்று, பாவு ஓட்டி நெய்வது பெண்களின் வேலை. சாயத்துக்கு நீலச் செடி. கோடையில் இலையை வெட்டி மரத்தொட்டித் தண்ணீரில் சில நாள் ஊற வைப்பார்கள். இலை அழுகி, தண்ணீர் பச்சை கலந்த மஞ்சளாகும்போது இலையை எடுத்துப் போட்டுவிட்டுச் சுண்ணாம்பைச் சேர்த்து அடித்துக் கலக்குவார்கள். நீலம் நுரைத்து, பிறகு அடியில் சேறாகப் படியும். அந்தச் சேறுதான் சாயத்தின் மூலம். ஆண்டு முழுக்க வைத்துக்கொள்ளலாம்.

சாயத் தொட்டியில் இந்த நீலச் சேற்றோடு வைக்கோல் சாம்பல் நீரும் அரிசி மதுவும் சேரும். நீலம் தண்ணீரில் கரையாத பொருள். தொட்டி புளித்து, உள்ளே பிராணவாயு தீர்ந்தால்தான் அது கரையும் வடிவத்துக்கு மாறும். மதுவும் சாம்பலும் அதற்காகத்தான். துணியை முக்கி வெளியே எடுக்கும்போது பாருங்கள், பச்சையாக இருக்கும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரே நீலமாக மாறும். முக்கு, அலசு, காய வை, மறுபடி முக்கு. இப்படி நாள் கணக்கில், நல்ல துணியென்றால் வாரக் கணக்கில் நடக்கும்.

அப்புறம்தான் டோங் கைவேலையின் தனிக் கட்டம். சாயம் ஏறிய துணியை மடித்து, வழவழப்பான கல்லின் மேல் வைத்து, கனத்த மரக் கொட்டாப்புளியால் அடிக்கிறார்கள். மணிக்கணக்கில் அடி. நடுவில் மாட்டுத் தோலைக் காய்ச்சிய பசை, துவர்ப்புச் சாறு உள்ள காட்டுக் கிழங்கிலிருந்து எடுத்த சிவப்பு, முட்டை வெள்ளைக்கரு என்று ஒவ்வொன்றாகப் பூசி, ஆவியில் வேகவைத்து, காய வைத்து, மறுபடியும் அடி. எதை முதலில் பூசுவது, எத்தனை முறை அடிப்பது என்பது ஊருக்கு ஊர், ஏன் வீட்டுக்கு வீடு மாறும். கோடை கடைசியிலும் இலையுதிர் காலத்திலும் இந்தக் கிராமங்களுக்குப் போனால், ஆளைப் பார்ப்பதற்கு முன்பே 'டொக், டொக்' சத்தம் வரவேற்கும்.

இத்தனை அடியில் என்னதான் நடக்கிறது? நூலின் உருண்டை வடிவம் தட்டையாகிறது, இழைகளுக்கு நடுவிலுள்ள சந்து அடைபடுகிறது, மேற்பரப்பு கண்ணாடி போல் சமமாகிறது. செம்பு நிறம் தனியாகப் பூசியது மட்டுமல்ல. நீலச் சாயத்தை அடர்த்தியாக ஏற்றி வழவழப்பாகத் தேய்த்தால் அதுவே செம்பு போல மின்னும். கிழங்கின் சிவப்பு அதைத் தூக்கிக் காட்டுகிறது.

முட்டை பூசினால் நாறாதா?

வெள்ளைக்கருவை மட்டும் எடுத்து, மெல்லிசாகப் பூசிக் காய வைக்கிறார்கள். காய்ந்தபின் அது ஒரு புரதப் படலம், அவ்வளவுதான். நம் வீடுகளில் வேட்டிக்குக் கஞ்சி போட்டால் யாரும் சோற்று நாற்றம் என்று சொல்வதில்லையே. புதுத் துணிக்கு வாசனை இருக்கும். அது முட்டை வாசனை அல்ல. நீலத் தொட்டியின் புளித்த வாசனை, கொஞ்சம் புகை கலந்தது. பிடித்தவர்களுக்குப் பிடிக்கும்.

இந்தப் படலத்தால் இன்னொரு பயனும் உண்டு: சாரல் மழையில் தண்ணீர் உடனே உள்ளே இறங்காது.

துவைத்தால் என்ன ஆகும்?

மினுக்கு போய்விடும். பசையும் முட்டையும் கரைந்து, இழை மறுபடி உப்பி, மங்கிய நீலப் பருத்திச் சட்டையாகிவிடும். அதனால்தான் விழா உடையை அவர்கள் கூடியவரை துவைப்பதில்லை. நன்றாகப் பளபளக்கும் சட்டை என்றால் அது புதிது, அதாவது அந்த வீட்டில் அண்மையில் யாரோ ஒரு பெண் பருத்தியில் தொடங்கிக் கொட்டாப்புளி வரை உழைத்திருக்கிறாள் என்று ஊருக்கே தெரியும். மங்கிய பின் அது வயல் வேலைக்கான உடை. மறுபடி சாயத் தொட்டியில் போட்டு உயிர் கொடுப்பதும் உண்டு.

டோங் உடையின் மையம் இதுதான் என்பது என் கருத்து. பார்வையாளர் கண் வெள்ளிக்குப் போகிறது, கேமரா பூவேலைக்குப் போகிறது. ஊர்ப் பெண்கள் எடை போடுவது துணியின் மினுக்கை.

பெண்களின் உடையில் என்னென்ன இருக்கும்?

தென்பகுதி டோங் ஊர்களை வைத்துச் சொல்கிறேன். காலரில்லாத, முன்பக்கம் திறந்த மேல்சட்டை. பொத்தான் இருக்காது. அது திறந்திருப்பதே உள்ளே கட்டிய சாய்சதுர வடிவ மார்புத் துண்டின் மேல்விளிம்புப் பூவேலை தெரிவதற்குத்தான். கீழே முழங்கால் அளவில், விசிறி போலச் சன்னமாகக் கொசுவம் பிடித்த பாவாடை. கெண்டைக்காலில் தனியாகச் சுற்றிக் கட்டும் துணி. தலைமுடியை நீளமாக வளர்த்துக் கொண்டையாகச் சுற்றி, சீப்பு, வெள்ளி ஊசி, பூ செருகுவார்கள். கொண்டை எந்தப் பக்கம், எவ்வளவு உயரம் என்பது ஊருக்கு ஊர் மாறும்.

ஒரு பொருளை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். அடுத்த முறை பின்பக்கமாக எடுத்த படம் கிடைத்தால் கழுத்துக்குக் கீழே கவனியுங்கள். இரண்டு முனையிலும் சுருள் சுருட்டிய கனத்த வெள்ளிக் கம்பி தொங்கும். பார்த்தால் அழகுக்கு மாட்டியது போல இருக்கும். உண்மையில் அது எடைக்கல். மார்புத் துண்டின் கழுத்து நாடா அதில்தான் மாட்டியிருக்கிறது. முன்பக்கத் துணி தன் கனத்தில் கீழே இறங்காதபடி இந்த வெள்ளி பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கிறது. பொத்தானும் ஊக்கும் இல்லாமல் இப்படியொரு தீர்வு.

ஆண்கள்?

அதே மினுக்குத் துணியில் நிமிர்ந்த காலர் வைத்த, முன்பக்கம் பொத்தான் போட்ட சட்டை, தொளதொள கால்சட்டை, தலைப்பாகை. விழா நாட்களைத் தவிர மற்ற நாளில் ஜீன்ஸ்தான். ஆண்கள் உடையில் சொல்ல அதிகமில்லை; ஒரே ஒரு விதிவிலக்கு இறகுப் பாவாடை, அது கீழே வருகிறது.

எல்லா டோங் ஊரிலும் இதே உடைதானா?

இல்லவே இல்லை. 'டோங் உடை' என்று ஒருமையில் சொல்வதே தவறு. மொழியில் வடக்கு, தெற்கு என இரண்டு பெரும் கிளைகள் இருப்பது போல உடையிலும் அந்தக் கோடு விழுகிறது. வடக்கில் ஜின்பிங், தியான்சூ போன்ற இடங்களில், சிங்சுய் ஆற்றில் மரம் மிதக்கவிட்டு வணிகம் நடந்த காலம் தொட்டே சீனாவின் பெரும்பான்மை இனமான ஹான் சீனர்களோடு நெருக்கம். அதனால் அங்கே பெண்கள் வலப்பக்கம் மூடிக் கட்டும் சட்டையும் கால்சட்டையும் அணியும் வழக்கத்துக்கு முன்பே மாறிவிட்டார்கள். தெற்கில் லிபிங், சோங்ஜியாங், ரோங்ஜியாங், சான்ஜியாங் பகுதிகளில் கொசுவப் பாவாடையும் மினுக்குத் துணியும் நிலைத்தன.

தெற்குக்குள்ளேயும் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு வித்தியாசம் உண்டு. சட்டை விளிம்பின் பட்டை அகலம், மார்புத் துண்டின் நிறம், கொண்டையின் கோணம் ஆகியவற்றை வைத்தே "இந்தப் பெண் அந்தக் கரை ஊர்" என்று சந்தையில் சொல்லிவிடும் பாட்டிகள் இருக்கிறார்கள். ஹுனானில் தோங்தாவ் பகுதிக்குச் சாயத்தைவிடத் தறிதான் பெருமை. கறுப்பும் வெள்ளையுமான பருத்தி நூலில் வடிவங்களை நெய்தே எடுக்கும் அந்த நெசவு 2008-ல் சீனாவின் தேசிய மரபுச் செல்வப் பட்டியலில் இடம்பெற்றது.

மியாவ் மக்களும் இதே மாதிரிதானே இருக்கிறார்கள்? எப்படி வித்தியாசம் காண்பது?

நியாயமான குழப்பம். பக்கத்துப் பக்கத்து மலையில் வாழ்கிறார்கள், குயிசூவில் இரண்டு இனத்துக்கும் சேர்த்தே ஒரு தன்னாட்சி மாவட்டம் 1956-ல் அமைந்தது. மினுக்குத் துணியை மியாவ் மக்களில் சில பிரிவினரும் செய்கிறார்கள், ஆகவே துணியை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. மாட்டுக் கொம்பு வடிவில் தலைக்கு மேல் எழும் பெரிய வெள்ளிக் கிரீடம் கண்டால் பெரும்பாலும் மியாவ். அதிகம் பகிரப்படும் தவறு இன்னொன்று: உச்சிக்குடுமி வைத்து, மின்னும் கறுப்புச் சட்டையில் தோளில் நீளத் துப்பாக்கியோடு நிற்கும் ஆண்களின் படம். அது பாஷா என்ற ஊர். சோங்ஜியாங் வட்டத்தில்தான் இருக்கிறது, ஆனால் அவர்கள் மியாவ் மக்கள்.

பூவேலை வடிவங்களுக்கு என்ன அர்த்தம்? 'எழுத்தில்லாத மக்களின் எழுத்து' என்கிறார்களே?

சுற்றுலா வழிகாட்டிகளின் பிரியமான வரி அது. பாதி உண்மை. டோங் மொழிக்கு லத்தீன் எழுத்துமுறை 1958-ல்தான் வகுக்கப்பட்டது. அதற்கு முன் கதையும் முறையும் பாட்டிலேயே தலைமுறை கடந்தன. ஆனால் பூவேலையைப் புத்தகம் போல வரிவரியாகப் படித்துவிடலாம் என்பது கற்பனை.

உதாரணத்துக்கு ஒன்று. நடுவில் பெரிய வட்டம், அதைச் சுற்றி எட்டுச் சின்ன வட்டங்கள் அல்லது எட்டுக் கதிர்கள் கொண்ட வடிவம் நிறைய இடங்களில் வரும். சூரியன் என்பார் ஒருவர். நிலவில் வளர்ந்த ஆலமரம் என்பார் இன்னொருவர். எட்டுக் காலைப் பார்த்துச் சிலந்தி என்பவரும் உண்டு. அங்கே சிலந்தி அருவருப்பான பூச்சியல்ல, உயிரைக் காப்பது. மூன்றில் எது சரி என்று சண்டை போடுவது வீண். பாம்பு, மீன், பறவை, தேவதாரு மரம் எல்லாம் வரும். அம்மாவின் கையைப் பார்த்து மகள் தைக்கிறாள். அர்த்தம் தெரிந்தும் தைக்கலாம், தெரியாமலும் தைக்கலாம். நம்மூரில் தினம் கோலம் போடுகிறவர் ஒவ்வொரு புள்ளிக்கும் பொருள் சொல்லிக்கொண்டா போடுகிறார்?

குழந்தையை முதுகில் கட்டும் துணி ஏன் இவ்வளவு பிரமாதமாக இருக்கிறது?

தைப்பவரின் முழுத் திறமையும் அங்கேதான் இறங்குகிறது. குவாங்சியின் சான்ஜியாங் பகுதித் துணிகள் பேர்போனவை. மேலே சொன்ன ஆலமர வடிவத்தை அவற்றில்தான் அதிகம் காணலாம். ஆலமரம் விழுதுவிட்டுத் தழைப்பது போலக் குழந்தையும் தழைக்க வேண்டும் என்ற ஆசை. இதைத் தமிழருக்கு விளக்கத் தேவையில்லை. குழந்தையின் தொப்பியிலும் வரிசையாகச் சின்ன வெள்ளி உருவங்கள் தைப்பார்கள். அம்மாவின் சட்டையில் பூவேலையே இல்லாத வீட்டில்கூட இந்தத் துணியில் வண்ணம் வழியும்.

இறகு கட்டிய பாவாடை எதற்கு?

மூங்கில் குழல்களால் ஆன லூஷெங் என்ற ஊது வாத்தியத்தை வாசித்து ஆடும் ஆண்களின் உடை அது. இடுப்பைச் சுற்றிப் பட்டை பட்டையாகப் பூவேலைத் துணி தொங்கும், ஒவ்வொரு பட்டை நுனியிலும் வெள்ளை இறகு. சுற்றி ஆடும்போது பட்டைகள் விரிந்து பறக்கும். நின்ற நிலையில் எடுத்த படத்தில் அதன் அழகு பாதிகூடத் தெரியாது.

கடவுள் வழிபாட்டுக்குத் தனி உடை உண்டா?

டோங் மக்களின் பெருந்தெய்வம் ஒரு பாட்டி. 'ஸா' என்றாலே அவர்கள் மொழியில் பாட்டிதான். ரோங்ஜியாங் பகுதியின் ஸாமா விழாவில் பெண்கள், குறிப்பாகத் திருமணமானவர்கள், இருப்பதிலேயே நல்ல உடையும் வெள்ளியும் அணிந்து வரிசையாகச் செல்வார்கள். முன்னால் போகிறவர் கையில் பாதி விரித்த கறுப்புக் குடை இருக்கும். உடை தனி வகையல்ல. ஆனால் வருடத்திலேயே புதிதாகச் செய்த மினுக்குத் துணி வெளியே வரும் நாள் என்று சொல்லலாம்.

இன்றும் தினமும் இப்படித்தான் உடுத்துகிறார்களா?

வயதான பெண்கள் பலர், ஆம், மங்கிய நீலச் சட்டையில்தான் வயலுக்கும் சந்தைக்கும் போகிறார்கள். இளையவர்களில் நிறையப் பேர் குவாங்டொங் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போய்ப் புத்தாண்டுக்குத்தான் ஊர் திரும்புகிறார்கள். அவர்களுக்கு இது விழா உடை, திருமண உடை, மேடை உடை.

மேடை என்பதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 2009-ல் டோங் பெருஞ்சேர்ந்திசை யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. 2014 டிசம்பரில் குய்யாங்–குவாங்சோ அதிவேக ரயில் ஓடத் தொடங்கி, ரோங்ஜியாங்கும் சோங்ஜியாங்கும் நிலையங்களாயின. ஐந்து முரசுக் கோபுரங்கள் கொண்ட சாவ்ஷிங் கிராமம் சோங்ஜியாங் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, கூட்டம் குவிந்தது. 2023-ல் ரோங்ஜியாங்கின் கிராமக் கால்பந்துப் போட்டி நாடு முழுக்கப் பேசப்பட்டபோது, இடைவேளையில் மைதானத்தில் இறங்கிப் பாடியவர்கள் அணிந்திருந்ததும் ஊர் உடைகள்தான். பார்க்க ஆள் இருப்பதால் உடை பிழைத்திருக்கிறது. அதே காரணத்தால் கொஞ்சம் மாறியும் இருக்கிறது. தூரத்திலிருந்து தெரிய வேண்டும் என்று வெள்ளி பெரிதாகிறது, பளீர் நிறம் கூடுகிறது, பல பள்ளத்தாக்குகளின் வித்தியாசம் ஒரே குழு உடையாகிவிடுகிறது. எனக்கு உறுத்துவது இந்தக் கடைசி விஷயம்தான்.

நம்மூர் அவுரியும் அவர்களுடைய நீலமும் ஒன்றா?

சாயப் பொருள் ஒன்று, செடி வேறு. இங்கே அவுரி, பயறு வகைக் குடும்பம். அங்கே மலைச்சரிவின் ஈரத்தில் வளரும் அகன்ற இலைச் செடிகள். இலையை ஊறவைத்து, அடித்துக் கலக்கி, அடியில் படிவதை எடுக்கும் முறை இரண்டிலும் ஒரே சாயல்தான். புதுச்சேரியில் அவுரியில் தோய்த்த நீலத் துணி 18, 19-ம் நூற்றாண்டுகளில் செனகல் வரை போய்ப் பிசினுக்கு மாற்றாக விற்றிருக்கிறது. நைஜீரியாவின் கானோவிலும் நீலத் துணியைக் கட்டையால் அடித்து மினுக்குவார்கள். ஆக, அடித்து மினுக்கும் யோசனை டோங் மக்களுக்கு மட்டும் தோன்றியதல்ல. ஆனால் முட்டையும் தோல் பசையும் கிழங்கும் ஆவியும் சேர்த்து இவ்வளவு தூரம் போவது இந்த மலைகளுக்கே உரியது.

வாங்க விரும்பினால் அசலை எப்படிக் கண்டுபிடிப்பது?

அகலத்தைப் பாருங்கள். கைத்தறித் துணி ஒரு முழம் அகலத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கும். பெரிய துணியென்றால் நடுவில் தையல் இருந்தே தீரும். மினுக்கு ஒரே சீராக இருந்தால் சந்தேகப்படுங்கள். அசலில் கொட்டாப்புளி கொஞ்சம் கூடுதலாகவும் குறைவாகவும் விழுந்த திட்டுகள் தெரியும். விரலில் நீலம் ஒட்ட வேண்டும். மலிவாகக் கிடைக்கிறது என்றால் அது பாலியஸ்டர். பருத்தியிலிருந்து கணக்கிட்டால் ஒரு முழு உடைக்குக் கிட்டத்தட்ட ஒரு வருட உழைப்பு, அதற்கு மலிவு விலை கிடையாது. ஊரில் வாடகைக்கு எடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் உடைகள் பெரும்பாலும் இயந்திரத் துணிதான். அதில் தப்பொன்றும் இல்லை. அதைப் பார்த்து அசலை அளக்காமல் இருந்தால் சரி.

வாங்கி வந்த துணியை எப்படிப் பாதுகாப்பது?

தண்ணீர் வேண்டாம், டிரை கிளீனிங்கும் வேண்டாம். மடிக்காமல் சுருட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். தூசியை உலர்ந்த மெல்லிய துணியால் தட்டினால் போதும். அணியும்போது உள்ளே அடர் நிறச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். வெள்ளைச் சட்டைக்கு மேல் போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, சாயங்காலம் கழுத்தில் நீல வளையத்தோடு எனக்கு எழுதாதீர்கள்.